இரண்டு ஐஸ்கிறீமுக்கு மேலேயும் ஒரு மொழி இருக்கு



போன மடலில் மொழி உரிமை பற்றி நடந்த உரையாடலுக்குள்ள, ஆரம்பப் பள்ளிகளில் ஸ்பானிஷ் படிப்பிக்கிறதை ஒரு தோழர் "நடுத்தர வர்க்கத்தின் விடுமுறைத் தயாரிப்பு" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வரியில், "படம் போட்டுக் காட்டி மொழி படிப்பிக்கிறம் எண்டு சொல்லுறது ரீச்சர்மாருக்கு ஓய்வு, பிள்ளையளுக்குப் பொழுதுபோக்கு" என்றும் எழுதியிருந்தார். முதல் வரியில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது வரி பள்ளி நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லுகிற கதை. அது எங்கட மடலுக்குள்ள எந்த வாசலால வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் லண்டனில் பிறந்தவள். கல்வியியலில் முதுகலை படிக்கிறேன். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தெற்கு லண்டனில் இரண்டு ஆரம்பப் பள்ளிகளில் ஸ்பானிஷ் படிப்பிக்கிறேன். கிழமைக்கு இரண்டு நாள், மணிக்கூலி, ஒரு முகவர் நிறுவனத்துக்கு ஊடாக. ஆகவே இதில எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது. அதை மறைக்காமல் வாதத்துக்கு வருகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்லுது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் அரச பள்ளிப் பாடத்திட்டப்படி 2014 செப்ரெம்பரிலிருந்து 7 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு வேற்றுமொழி கட்டாயம். எந்த மொழி என்று சட்டம் சொல்லவில்லை. இன்றைய மொழியாகவும் இருக்கலாம், லத்தீன் மாதிரிப் பழைய மொழியாகவும் இருக்கலாம். நடைமுறையில் அது பிரெஞ்சு அல்லது ஸ்பானிஷ். ஸ்பானிஷ் ஏறிக்கொண்டே போகுது. ஏ லெவலில் 2019இல் பிரெஞ்சை முந்திவிட்டது. சரி, கட்டாயமாக்கினவை. யார் படிப்பிக்கிறது, எந்த நேரத்தில், என்ன காசில் என்பதைப் பள்ளிகளின் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டினம். பெரும்பாலான பள்ளிகளில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கூட இல்லை. அந்த அரை மணி, முக்கால் மணி கூட வகுப்பு ஆசிரியருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய தயாரிப்பு நேரத்தை நிரப்ப, வெளியாலிருந்து என்னைப் போல ஒருத்தியைக் கூப்பிட்டு ஓட்டுற நேரம்.

இதுக்குப் பின்னால ஒரு வர்க்கக் கதையும் இருக்கு. 2002இல் தொழிற்கட்சி அரசாங்கம், 2010க்குள் ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு மொழி என்று வாக்குறுதி கொடுத்தது. அதே அரசாங்கம் 2004இல் 14 வயதுக்கு மேல் மொழிப்பாடம் கட்டாயமில்லை என்று ஆக்கினது. 2002இல் நாலில் மூன்று பங்கு பிள்ளைகள் ஜீசீஎஸ்ஈயில் ஒரு மொழி எடுத்தார்கள். பத்து வருசத்துக்குள் அது பாதிக்கும் கீழே போனது. விட்டது யார்? கட்டணம் கட்டிப் படிக்கிற பள்ளிப் பிள்ளைகள் அவ்வளவாக விடவில்லை. எங்கட பகுதிப் பள்ளிகளில்தான் மொழி ஆசிரியர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள். ஸ்பானிஷ் இன்று வசதியானவர்களின் அலங்காரம் மாதிரித் தெரிந்தால், அதை அப்படி ஆக்கினது அந்த 2004 முடிவு. தோழர் கோபப்பட வேண்டிய இடம் அது. வகுப்பறையில் ப்ரொஜெக்ரரோட நிற்கிற ஆளில்லை.

இனி படத்துக்கு வருவோம்.

பள்ளிகளில் இப்ப நடக்கிறது என்னவென்று தெரியும்தானே. தவணை முடிகிற வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆசிரியர் களைச்சுப் போயிருப்பார், பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருப்பார்கள். 'கோகோ'வையோ 'என்காந்தோ'வையோ ஸ்பானிஷ் ஒலியோட, கீழே ஆங்கில எழுத்தோட போட்டுவிடுறது. ஒன்றரை மணித்தியாலம் அமைதி. பதிவேட்டில் "ஸ்பானிஷ்" என்று எழுதலாம். இதைத்தான் தோழர் ஓய்வு என்று சொன்னார் என்றால் நானும் அவரோட நிற்கிறேன். ஏழு வயதுப் பிள்ளையின் கண் ஆங்கில எழுத்துக்குப் பின்னால ஓடும், காது தானாகவே பூட்டிக்கொள்ளும். ஆங்கிலம் இன்னும் வேகமாக வாசிக்க வராத பிள்ளை ஸ்பானிஷையும் விடும், எழுத்தையும் விடும், ஜன்னலைப் பார்க்கும். இதால் ஒரு சொல்லும் ஏறாது.

ஆனால் கறி கருகினது என்பதற்காக அடுப்பைத் தூக்கி எறிவதா?

படத்தால் படிப்பிக்கிறது என்றால் மூன்று நிமிடம். அதுக்கு மேல் வேண்டாம். முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் போடுறது. யார் இருக்கினம், எங்க இருக்கினம், கோபமோ பயமோ, அடுத்தது என்ன நடக்கும்? தெரிந்த ஸ்பானிஷ் சொற்களைக் கொண்டு பிள்ளைகள் சொல்லுவார்கள். இரண்டாவது தடவை திரையை மூடிவிட்டு ஒலி மட்டும். அப்ப பாருங்கோ, முப்பது பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்பார்கள், ஏனென்றால் தங்கட ஊகம் சரியோ பிழையோ என்று தெரிய வேண்டும். மூன்றாவது தடவை படம், ஒலி, ஸ்பானிஷ் எழுத்து மூன்றும் சேர்த்து. ஆங்கில எழுத்து எந்தக் கட்டத்திலும் இல்லை. கடைசியில் ஒலியை மறுபடி நிறுத்திவிட்டு, பிள்ளைகளே குரல் கொடுப்பார்கள். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு வினைச்சொல்லை இருபது தரம் கேட்டு, பத்துத் தரம் சொல்லியிருப்பார்கள். பாடத்தாளில் கோடு போட்டு இணைக்கிறதில் அது ஒரு தரம்தான் வரும், அதுவும் ஒரு முகமோ குரலோ இல்லாமல்.

இன்னொன்று. இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டுமொழி இல்லை. என்னுடைய வகுப்புகளில் அது பாதிக்கு மேல். மூன்று மாதத்துக்கு முதல் வந்து இறங்கின பிள்ளை, கணக்குப் பாடத்திலும் பின்னுக்கு, வரலாற்றிலும் பின்னுக்கு, ஏனென்றால் எல்லாமே ஆங்கிலத்துக்குள்ளால்தான் வருகிறது. ஒலியில்லாத மூன்று நிமிடப் படத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஒரு கிழமையில் அப்படி ஒரு நேரம் அந்தப் பிள்ளைக்கு வேற கிடையாது. இதை ஓய்வு எண்டு சொல்லுறவையை நான் ஒரு நாள் வகுப்பில் வந்து நிக்கச் சொல்லுறன்.

இப்ப எந்த ஸ்பானிஷ் என்ற கேள்வி.

ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உலகத்தில் ஏறத்தாழ 50 கோடிப் பேர். ஸ்பெயினின் மொத்த சனத்தொகை 5 கோடிக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பேர் அத்திலாந்திக்குக்கு அங்கால. ஆனால் பள்ளிகள் காசு கொடுத்து வாங்குகிற பாடத்தாள்கள் எல்லாம் மாட்ரிட் ஸ்பானிஷ். பழச்சாறுக்கு 'தூமோ' என்றால் சரி, 'ஹூகோ' என்றால் பிழை. காருக்கு 'கோச்சே' சரி, 'கார்ரோ' பிழை. நான் போகிற ஒரு பள்ளியில் எக்குவடோர்க் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருக்கு. அந்தப் பிள்ளை வீட்டில் கதைக்கிற ஸ்பானிஷ் என்னுடையதை விட எவ்வளவோ மேல். அதன் தாளில் 'ஹூகோ'வைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தது. வெட்டின ஆளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. விடைத்தாளில் இருந்ததைப் பார்த்து வெட்டியிருக்கிறார். தன் தாய்மொழியில் அந்தப் பிள்ளை பிழை விட்டதாக ஒரு தாள் சொல்லுது!

இதைக் கேட்டு யாழ்ப்பாணத்துத் தமிழோட வளர்ந்த யாருக்கும் வயிறு எரியாமல் இருக்காது. "கதைக்கிறன்" என்று சொன்னால் "அப்படி இல்லை, பேசுறேன்னு சொல்லு" என்றவர்களையும், "விளங்குதோ" என்றால் சிரித்தவர்களையும் நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள்தான். என்னுடைய தலைமுறையின் தமிழில் பாதி கோடம்பாக்கத்துப் படங்களிலிருந்து வந்தது. அம்மம்மா கதைக்கிற தமிழ் திரையில் வந்ததென்றால் பெரும்பாலும் பகிடிக்காகத்தான் வந்தது. ஆகவே எந்தப் படத்தைத் தெரிவு செய்கிறோம் என்பது ரசனை பற்றிய விசயம் மட்டுமில்லை. யாருடைய வாய்க்கு மதிப்பு என்று அது பிள்ளைக்குச் சொல்லுது.

2018இல் வந்த அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா' ஞாபகம் இருக்கும். மெக்சிக்கோப் படம், கதாபாத்திரங்கள் ஸ்பானிஷும் மிஸ்தெக் என்ற பழங்குடி மொழியும் கதைக்கிறார்கள். ஸ்பெயினில் அதைக் காட்டும்போது நெற்ஃபிளிக்ஸ், மெக்சிக்கோ ஸ்பானிஷுக்குக் கீழே மாட்ரிட் ஸ்பானிஷில் எழுத்துப் போட்டது! 'மமா' என்று பிள்ளை கூப்பிட்டால் கீழே 'மாத்ரே' என்று வரும். 'கன்சீத்தோ' என்ற மெக்சிக்கோக் கேக்கின் பெயரைக்கூட 'கன்ச்சீத்தோஸ்' என்ற வேறொரு நொறுக்குத்தீனி ஆக்கினார்கள். குவாரோன் பகிரங்கமாகக் கோபப்பட்ட பிறகு, 2019 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். ஸ்பெயினில் இதுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1941இல் ஃபிராங்கோ ஆட்சி வெளிநாட்டுப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்பானிஷ் குரல் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. கத்தலான், பாஸ்க், கலீசியன் பேசுகிறவர்களின் வாயைக் கட்டின அதே கைதான் திரையின் வாயையும் பிடித்தது. ஸ்பானிஷ் ஒரு பேரரசின் மொழி என்று தோழர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பேரரசுக்கு எதிராகப் போராடினவர்களில் ஏராளம் பேர் கத்தினதும் அதே மொழியில்தான்.

கியூபாவின் முதலாவது முழுநீள அசைவூட்டப் படம் 1979இல் வந்த 'எல்பீதியோ வல்தேஸ்'. ஹுவான் பத்ரோன் எடுத்தது. கதாநாயகன் 19ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் காலனிப் படைக்கு எதிராகக் குதிரையில் சண்டை பிடிக்கிற கிளர்ச்சியாளன். ஸ்பானிய அதிகாரிகள்தான் அதில் கோமாளிகள். மாட்ரிட் உச்சரிப்பு எது, கியூப உச்சரிப்பு எது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆர்ஜென்ரீனாவின் 'மெத்தெகோல்', 2013. ஹுவான் ஹோசே கம்பனெயா எடுத்த படம். ஒரு சின்ன ஊர், அங்க ஒரு மேசைக் காற்பந்து, அதில விளையாடுற ஒரு பெடியன். சின்ன வயதில் அவனிட்டத் தோற்ற ஒருவன் உலகப் புகழ் பெற்ற காற்பந்து வீரனாகத் திரும்பி வந்து, ஊரையே வாங்கி இடிக்கப் பார்க்கிறான். ஸ்பெயினில் அதே படம் 'ஃபுத்போலீன்' என்று வேற பெயரில் வந்தது, ஏனென்றால் அந்த மேசைக்கு அங்கே பெயர் வேற. இரண்டு பெயரையும் பலகையில் எழுதிவிட்டு, உங்கட வீட்டில் இதுக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கோ, அரை மணித்தியாலம் எப்படிப் போகுதென்று தெரியாது.

ஊரை வாங்கி இடிக்கிறது எங்கட பிள்ளைகளுக்குப் படத்தில் மட்டும் நடக்கிற விசயமில்லை. எலிஃபன்ற் அன்ட் காஸில் கடைத்தொகுதி 2020 செப்ரெம்பரில் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. லண்டனின் லத்தீன் அமெரிக்கச் சனங்கள் பல வருசமாகக் கடை வைத்திருந்த, சாப்பிட்ட, காசு அனுப்பின, வேலை விசாரித்த இடம் அது. தெற்கு லண்டன் வகுப்பறைகளில் இருக்கிற பிள்ளைகள் சிலருக்கு அது தாய் தகப்பனின் வேலைத்தலம். ஸ்பானிஷ் பாடத்தில் "கடைக்குப் போவோம்" என்ற அலகு உண்டு. அதில வரைந்திருக்கிறது ஸ்பெயினின் கடற்கரைக் கடை. "டோஸ் எலாடோஸ், போர் ஃபவோர்." இரண்டு ஐஸ்கிறீம் தாங்கோ. விமானத்தில் போய் இறங்கி, காசைக் கொடுத்து, வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவனுடைய மொழி இது. பரிமாறுகிறவனுக்கு அந்தப் பாடத்தில் ஒரு வரிதான், விலை சொல்லுகிற வரி.

லண்டனில் ஸ்பானிஷ் எங்க கேட்குது? காலமை நாலரை மணி பஸ்ஸில் கேட்குது. அலுவலகங்களையும் பல்கலைக்கழகங்களையும் துடைக்கிறவர்களின் மொழி அது. லண்டன் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த நிறுவனங்களுக்குக் கீழே வேலை செய்த துப்பரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கர்கள், 2012இல் 'ட்ரெஸ் கோசாஸ்' என்று ஒரு போராட்டம் தொடங்கினார்கள். மூன்று விசயங்கள் என்று அர்த்தம்: நோய்க்காலச் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம். பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு இருக்கிறதை எங்களுக்கும் தா என்ற கோரிக்கை. இருந்த தொழிற்சங்கம் சரிப்பட்டு வரவில்லை என்று விட்டுவிட்டு, புதுச் சங்கத்தில் சேர்ந்து, 2013 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்து, நோய்க்காலச் சம்பளத்திலும் விடுமுறையிலும் முன்னேற்றம் வாங்கினார்கள். 'ட்ரெஸ்' என்ற எண்ணையும் 'கோசா' என்ற சொல்லையும் படிப்பிக்க ஐஸ்கிறீம்தான் வேணும் என்று யார் சொன்னது?

"பிள்ளைகளுக்குள்ள அரசியலைத் திணிக்காதே" என்று இந்த இடத்தில் ஒரு குரல் வரும், பெற்றோர் கூட்டத்தில் வரும், சிலவேளை எங்கட ஆட்களிடமிருந்தும் வரும். ஐஸ்கிறீம் கடையில் அரசியல் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1942இல் 'சலூதோஸ் அமீகோஸ்', இரண்டு வருசம் கழித்து 'மூன்று கபாயெரோக்கள்' என்று டிஸ்னி லத்தீன் அமெரிக்காவைப் பற்றி இரண்டு படம் எடுத்தது. சும்மா எடுக்கவில்லை. நெல்சன் ரொக்கஃபெல்லர் தலைமையில் இருந்த அமெரிக்க அரசாங்க அலுவலகம் ஒன்றின் ஊக்கத்தில், போர்க்காலத்தில் அந்தக் கண்டத்தைத் தங்கட பக்கம் வைத்திருக்க எடுத்தது. 1971இல், அயெந்தேயின் சிலியில், ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மன்ட் மத்தெலாரும் டொனால்ட் வாத்தை எப்படி வாசிப்பது என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். டிஸ்னி சித்திரக்கதைகளுக்குள் மூன்றாம் உலகம் எப்படி வருகிறது என்பதைப் பற்றி. 1973 சதிப்புரட்சிக்குப் பிறகு இராணுவம் அந்தப் புத்தகத்தை எரித்தது. ஒரு வாத்தைப் பற்றிய புத்தகத்துக்கு இவ்வளவு பயம். இதுகூடப் பழசு என்றால், 2013இல் 'கோகோ' படத் தயாரிப்புக் காலத்தில் டிஸ்னி, மெக்சிக்கோச் சனங்களின் இறந்தோர் தினத்தின் பெயரையே வணிகக் குறியாகப் பதியப் போனது. எதிர்ப்பு வந்த பிறகு கைவிட்டது. எங்கட பொங்கலை ஒரு கொம்பனி பதிவு செய்தால் எப்படி இருக்கும்?

'கோகோ'வை நான் வெறுக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். மெக்சிக்கோக் குரல்களோட இருக்கிற அதன் ஸ்பானிஷ் வடிவம் நல்லாயிருக்கு, பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள், மூன்று நிமிடம் வெட்டி எடுக்க அதிலும் நிறைய இருக்கு. ஸ்பானிஷ் பேசுகிற உலகம் முழுக்க அந்த ஒரு கடையால்தான் பிள்ளைகளுக்கு வருது என்பதுதான் என் சண்டை.

அந்தக் கடைக்கு வெளியே என்ன கிடைக்கிறது என்று பாருங்கோ. 2005இல் வந்த 'விவா கூபா', ஹுவான் கார்லோஸ் க்ரெமாத்தா எடுத்தது. கான் திரைப்பட விழாவில் சிறுவர் பிரிவின் பரிசு வாங்கினது. மாலு என்ற பெட்டை, ஹோர்ஹீத்தோ என்ற பெடியன், உயிர்ச் சிநேகிதர். இரண்டு வீட்டுத் தாய்மாருக்கும் ஒத்துவராது. மாலுவின் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போக முடிவெடுக்கிறாள். அதுக்குத் தகப்பனின் கையெழுத்து வேணும். தகப்பன் தீவின் கிழக்கு நுனியில், மைசி என்ற இடத்து வெளிச்சவீட்டில் வேலை. கையெழுத்துப் போடாதேங்கோ அப்பா என்று கேட்க, இரண்டு பிள்ளைகளும் களவாக ஹவானாவிலிருந்து தீவின் மறுமுனைக்கு வெளிக்கிடுகிறார்கள். புரட்சியை ஆதரிக்கிறதோ எதிர்க்கிறதோ அந்தப் படத்தின் வேலை இல்லை. பிள்ளைகளைக் கேட்காமல் பெரியவர்கள் எடுக்கிற முடிவைப் பற்றினது. ஒரு கையெழுத்து, ஒரு விமான ரிக்கற், ஒரு சிநேகிதம் அறுகிறது. இதை எங்கட வகுப்பறைப் பிள்ளைகளுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. என்னுடைய பெற்றோருக்கும் தேவையில்லை. அவர்கள் அதை என்னோட இருந்து ஒரு தரம் பார்த்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார்.

ஏழு வயதுக்கும் பொருந்துவது ஒக்தாவியோ கோர்தாசாரின் 'போர் ப்ரிமேரா வெஸ்'. 'முதல் தடவையாக' என்று அர்த்தம். 1967, பத்து நிமிடம் அளவில் ஒரு கறுப்பு வெள்ளை ஆவணப்படம். கியூபத் திரைப்பட நிறுவனம் லொறிகளில் ப்ரொஜெக்ரரை ஏற்றி, மின்சாரம் இல்லாத மலையூர்களுக்குப் போய்ப் படம் காட்டின காலம். பரக்கோவாப் பக்கத்து மலைக்குள் லோஸ் மூலோஸ் என்ற ஒரு ஊர். அங்கே இருக்கிறவர்கள் வாழ்க்கையில் சினிமா பார்த்ததில்லை. கமெராக்காரர் கேட்கிறார்: "கே எஸ் எல் சினே?" சினிமா என்றால் என்ன? ஒவ்வொருவரும் தங்கட ஊகத்தைச் சொல்லுகிறார்கள். இரவு வருது, திரை கட்டுகிறார்கள், சாப்ளினின் 'மொடேர்ன் ரைம்ஸ்' ஓடுது. தொழிலாளிக்கு வேலை நேரம் வீணாகாமல் சாப்பாடு ஊட்டுகிற இயந்திரம் வருகிற அந்தக் காட்சி. திரையைப் பார்க்கிற முகங்களை நாங்கள் பார்க்கிறோம். பெரியவர்களும் பிள்ளைகளும் சிரிக்கிற சிரிப்பு.

வகுப்பில் இதைப் போட முதல் அதே கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்பேன். "எல் சினே எஸ்..." என்று தொடங்கி ஒவ்வொருவரும் முடிக்க வேண்டும். பெயர்ச்சொல், பெயரடை, ஆண்பால் பெண்பால் எல்லாம் அதுக்குள்ள வந்துவிடும். பிறகு படம். கையில் பத்துத் திரை வைத்திருக்கிற பிள்ளைகள், திரையே பார்க்காத பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறார்கள். போன வருசம் ஒரு பெடியன் கேட்டான்: "மிஸ், இந்த மெசின் இப்பவும் இருக்கா? எங்கட அம்மாவுக்கும் வேலையில சாப்பிட நேரம் இல்லை." அவன் கேட்டது ஆங்கிலத்தில். அடுத்த கிழமை அதையே ஸ்பானிஷில் சொல்ல வைத்தேன்: என் அம்மாவுக்கு நேரம் இல்லை. ஐந்து சொல்.

படத்தை வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது ஏதோ வசதியான நாடுகளின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு, 1988இல் சிலியில் இக்னாசியோ அகுவெரோ எடுத்த 'ரயிலுக்காகக் காத்திருக்கும் நூறு பிள்ளைகள்'. பினோசே ஆட்சி நடந்துகொண்டிருக்கிறது. சந்தியாகோவின் லோ எர்மீதா என்ற ஏழைக் குடியிருப்பில், ஒரு தேவாலயக் கட்டடத்தில், அலிசியா வேகா என்ற ஆசிரியை சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சினிமா படிப்பிக்கிறார். கமெரா இல்லை, காசு இல்லை. மட்டையும் கத்தரிக்கோலும் வைத்து, படம் எப்படி அசையுது என்று பிள்ளைகளே செய்து பார்க்கிறார்கள். லூமியே சகோதரர்களின் ரயிலைப் பார்க்கிறார்கள். முடிவில் பஸ்ஸில் ஏற்றி நகரத்துத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதிகமான பிள்ளைகள் அதுக்கு முதல் தியேட்டரைக் கண்டதில்லை. பிள்ளைகள் மட்டை வெட்டுகிற இந்தப் படத்தை, சர்வாதிகாரத்தின் தணிக்கைச் சபை 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தது! பொழுதுபோக்கு என்றால் அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

சனிக்கிழமை என்றதும் எங்கட தமிழ்ப் பள்ளிகள் ஞாபகம் வரும். வரட்டும். தோழரின் கடைசிக் கேள்வி அதுதானே: ஸ்பானிஷுக்கு இவ்வளவு சண்டை பிடிக்கிற நீ, தமிழுக்கு ஏன் பிடிக்கவில்லை? சட்டம் எந்த மொழி என்றும் சொல்லவில்லை என்று மேலே எழுதினேன். ஒரு பள்ளி நாளைக்கே தமிழைத் தெரிவு செய்யலாம், தடை ஏதுமில்லை. செய்யாததுக்குக் காரணம் ஸ்பானிஷ் இல்லை. ஆசிரியர் பயிற்சி, பாடப்பொருள், அதுக்கு மேலாக எங்கட மொழியை ஒரு பாடமாகப் பார்க்காத மனம். 'ஹூகோ'வைச் சிவப்பால் வெட்டுகிற பள்ளி, தமிழைக் கொண்டுவந்தாலும் 'கதைக்கிறன்'ஐ வெட்டத்தான் போகுது. அந்த எக்குவடோர்ப் பிள்ளைக்காகச் சண்டை பிடிக்கத் தெரியாமல் எங்கட பிள்ளைக்காக எப்படிப் பிடிப்பது? இரண்டு பிள்ளைகளும் ஒரே மேசையில்தான் இருக்கிறார்கள்.

கடைசியாகக் காசு. மூன்று நிமிடம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணித்தியாலம் போகும். படத்தைப் பார்க்க வேணும், வெட்ட வேணும், ஸ்பானிஷ் எழுத்து இருக்கிறதோ என்று தேட வேணும், இல்லாவிட்டால் நானே எழுத வேணும். இதுக்கு எனக்குச் சம்பளம் இல்லை. வகுப்பில் நிற்கிற நேரத்துக்கு மட்டும்தான். வருத்தம் வந்து நின்றால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. 'ட்ரெஸ் கோசாஸ்' என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மூன்றும் எனக்கே கிடையாது. இந்த நிலையில் இருக்கிற ஆசிரியர் வெள்ளிக்கிழமை டிஸ்னியைப் போட்டுவிட்டு இருந்தால், நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தயாரிப்பு நேரத்துக்குக் காசு கொடுக்காத நிறுவனத்தையும், அந்த நிறுவனத்திட்டப் பாடத்தை விட்டுவிட்டுக் கை கழுவுகிற பள்ளியையும், 2014இல் கட்டாயம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போன அரசாங்கத்தையும்தான் கேட்க வேணும்.

பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் இருக்கிற தோழர்கள் அடுத்த பெற்றோர் சந்திப்பில் இதுகளைக் கேளுங்கோ. மொழிப்பாடம் கிழமைக்கு எத்தனை நிமிடம், அது உண்மையாகவே நடக்குதோ? யார் படிப்பிக்கிறது, அவரைப் பள்ளி நேரடியாக வேலைக்கு வைத்திருக்குதோ, தயாரிப்பு நேரத்துக்குச் சம்பளம் உண்டோ? வகுப்பில் அந்த மொழியை வீட்டில் கதைக்கிற பிள்ளைகள் இருக்கினமோ, அவர்களின் சொல்லுக்கு விடைத்தாளில் இடம் உண்டோ? காப்புரிமைப் பிரச்சினை வரும் என்று சொல்லி மறித்தால், 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 34ஆவது பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கோ: வகுப்பில் கற்பித்தலுக்காகப் படம் காட்டுவதை அது அனுமதிக்குது.

போன மடலில் எழுதின தோழர் பதில் எழுத வேணும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். எழுத முதல் 'போர் ப்ரிமேரா வெஸ்'ஐப் பாருங்கோ தோழர். பத்து நிமிடம்தான். உங்கட மகளையும் பக்கத்தில இருத்தி, ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தரம், ஒலியோட ஒரு தரம். அதுக்குப் பிறகும் ஓய்வு என்றுதான் படுகுதென்றால், அதையும் எழுதுங்கோ.